இடது பக்கத்துக் குமிழ்

டாக்டர் சொன்னதைக் கேட்டதிலிருந்து யார்மேல் எரிந்து விழுவது என்றே ரோண்டாவுக்குத் தெரியவில்லை. குரல்நாண் இரண்டிலும் முடிச்சு விழுந்திருக்கிறதாம். "இப்படியே கத்திப் பாடினா அப்புறம் பேசக்கூட வராது. மெதுவாப் பாடு, இல்லேன்னா நிறுத்திடு" என்று ஆஸ்டினில் அந்த டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். மெதுவாகப் பாடணுமாம்! மெதுவாகப் பாடினால் முன்வரிசையில் பீர் குடிக்கிறவனுக்காவது கேட்குமா? இந்தச் சனிக்கிழமை ஆட்டத்தோடு தலைமுழுகிவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள். அதற்குப் பிறகு என்ன செய்வது? பாட்டைத் தவிர அவளுக்கு ஒரு எழவும் தெரியாது.

எல்லாம் அந்த ஆம்ப்ளிஃபையரால் வந்த வினை. ராய்ஸின் பழைய வால்வுப் பெட்டி, ஸ்பீக்கரும் அதற்குள்ளேயே. ராய்ஸுக்குப் படுக்கவைத்து வாசிக்கிற ஸ்டீல் கிட்டார், வெல்டனுக்கு ஆள் உயர பாஸ் வாத்தியம், ரோண்டாவுக்குப் பாட்டு, அவ்வளவுதான் குழு. டெக்சாஸ் நடன மண்டபங்களில் ஒரு காலத்தில் ஸ்டீல் கிட்டாரையும் பாடகியின் மைக்கையும் ஒரே பெட்டியில்தான் செருகுவார்கள். நாங்களும் அப்படித்தான் என்று ராய்ஸுக்கு ஏகப்பட்ட பெருமை. போஸ்டரில்கூடப் பெட்டியின் படம்தான் பெரிசு. ஸ்டீல் வாசிக்கிறவர்கள் ஹூஸ்டனிலிருந்தெல்லாம் வந்து அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து சப்புக்கொட்டுவார்கள். பாடுகிறவளை ஒருத்தனும் நிமிர்ந்து பார்க்க மாட்டான்.

"மைக் பக்கம் கொஞ்சம் பலவீனம்மா, பழசு இல்லையா? நீதான் அடிவயித்துலேருந்து பாடணும்" என்று அவள் சேர்ந்த முதல் நாளே ராய்ஸ் சொல்லிவிட்டார். "பெட்டியில மட்டும் கை வெச்சிடாத. பழைய வயரிங். மைக்கைப் பிடிச்சுக்கிட்டுத் தொட்டேன்னா உதட்டுல ஷாக் அடிச்சுத் தூக்கி எறிஞ்சிடும்."

ஒன்பது வருஷம் அவள் அதன் பக்கம் போகவில்லை. பெட்டி ராய்ஸின் நாற்காலியை ஒட்டி இருக்கும். இவள் அதற்கு முதுகைக் காட்டி நின்று கத்துவாள்.

அந்தச் சனிக்கிழமை மாலை ராய்ஸின் வண்டி டயர் வெடித்து வழியில் நின்றுவிட்டது. பெட்டி வெல்டனின் வேனில் வந்திருந்தது. வெல்டன் அதை மேடையில் இறக்கிவிட்டு, வாயில் கொலாச்சி பன்னை அடைத்தபடி, "பெட்டியைப் போட்டு விடு ரோண்டா, வால்வு சூடாகட்டும்" என்றார்.

"நானா? ஷாக் அடிச்சுச் சாகவா?"

"என்ன ஷாக்கு? மூணு பின் பிளக் மாத்தி எர்த் கொடுத்ததே நான்தானே. நீ வந்து சேர்றதுக்கு முன்னாடியே."

ரோண்டா பெட்டியின் முன்னால் போய்க் குனிந்தாள். இரண்டு குமிழ்கள். இடது மைக்குக்கு, வலது கிட்டாருக்கு. எண்கள் பன்னிரண்டு வரை இருந்தன. ஒவ்வொன்றையும் எங்கே நிறுத்த வேண்டும் என்று நகப்பாலிஷால் சிவப்புப் புள்ளி வைத்திருந்தது. கிட்டாருக்கு ஒன்பதில். மைக்குக்கு இரண்டில்.

பெட்டி சூடானதும் இடது குமிழை எட்டுக்குத் திருப்பினாள். மைக்கின் முன் நின்று மூச்சுவிடுகிற மாதிரி "ஹலோ" என்றாள். மண்டபத்தின் அந்தக் கோடியில் மேஜை துடைத்துக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று திரும்பிப் பார்த்தார்கள்.

அழுகை வரவில்லை. காது இரண்டும் கொதித்தது. "வெல்டன், உங்களுக்கு இது தெரியுமா?"

வெல்டன் அவசரமாகப் பாஸின் கம்பியை முறுக்கத் தொடங்கினார். "நான் பாஸ் வாசிக்கிறவன்மா. எனக்கெதுக்கு வம்பு?"

"நல்லா இருங்க" என்றாள். பெட்டியைத் தரதரவென்று இழுத்து வந்து தன் காலடியில் வைத்துக்கொண்டாள்.

ராய்ஸ் வியர்த்து வழிந்து வந்து சேர்ந்தார். "யாரு இதை இங்க கொண்டாந்து வெச்சது? தொடாதேன்னு எத்தனை தடவை..."

"நான்தான். இன்னும் சாகல, பாருங்க. அந்தச் சிவப்புப் புள்ளி என்ன?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "இதப் பாரும்மா, மைக்கை ஏத்தினா ஸ்பீக்கர் திணறும், ஸ்டீல் சத்தம் உடைஞ்சு கரகரன்னு வரும். அந்தச் சுத்தமான சத்தத்துக்குத்தானே ஜனம் வருது? உனக்குத்தான் தொண்டை இருக்கே."

"இருந்துச்சுய்யா!" ஒன்பது வருஷத்தில் அவள் அவருக்கு மரியாதையை விட்டது அன்றுதான். "ஸ்பீக்கர் உடையக்கூடாது, என் தொண்டை உடையலாமா? யோவ், எனக்குத்தான் பத்தலைன்னு நெனைச்சு எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா? தேனு, வெந்நீரு, கண்ட கண்ட மாத்திரை. நீ பக்கத்துல உக்காந்து அதையும் வேடிக்கை பாத்தியே!"

அதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள். கூட்டம் உள்ளே வந்துவிட்டது. ராய்ஸ் வேறு வழியில்லாமல் ஸ்டீலின் முன் உட்கார்ந்தார். அந்த வாத்தியத்தில் உட்கார்ந்தால் இரண்டு கை, இரண்டு கால், இரண்டு முட்டி எல்லாவற்றுக்கும் வேலை. பாட்டு முடியும்வரை எழுந்திருக்க முடியாது.

முதல் பாட்டு வால்ட்ஸ். ரோண்டா குனிந்தாள். இடதை ஒன்பதில் வைத்தாள், வலதை இரண்டில். ராய்ஸ் வால்யூம் பெடலைத் தரையோடு தரையாக அழுத்தியும் கொசு பாடுகிற மாதிரிதான் வந்தது.

டாக்டர் சொன்ன மாதிரியே மெதுவாகப் பாடினாள். இத்தனை நாள் கத்திக் கத்தி மறைத்து வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. கரகரப்பு, இழுப்பு, பிசிறு. ஆடிக்கொண்டிருந்த ஜோடிகள் தயங்கின. தன் குரல் இவ்வளவு நாசமாகியிருப்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"ஸ்டீலை ஏத்தும்மா, கேக்கலை!" என்று முன்னாலிருந்து ஒரு தொப்பிக்காரன் கத்தினான்.

"கேக்கலையா? அடிவயித்துலேருந்து வாசிக்கச் சொல்லுங்க" என்றாள் மைக்கில். மண்டபமே சிரித்தது.

இரண்டாம் சரணத்தில் ஒரு சொல் வரவே இல்லை. வாய் அசைந்தது, வெறும் காற்றுதான் வந்தது. ஒன்பதில் வைத்த குமிழ் அந்தக் காற்றையும் பின்சுவர்வரை கொண்டுபோனது. சிரித்தவர்கள் அடங்கிவிட்டார்கள். அவளுக்குப் பின்னால் ஸ்டீல் பாதியில் நின்றுபோனது. ராய்ஸுக்கும் கேட்டுவிட்டது.

ரோண்டா திரும்பிப் பார்க்கவில்லை. நல்லாக் கேட்கட்டும் என்று, அதே சொல்லில் மறுபடியும் ஆரம்பித்தாள்.