பதினாலாவது மெட்டு

எங்கள் கடையில் அந்த எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் பழம் என்று பேர். மாம்பழ நிறம், பளபளவென்று மேனி, பார்த்தால் எடுத்துக் கொஞ்சத் தோன்றும். கொஞ்சியவர்கள் எல்லோரும் ஐந்தே நிமிஷத்தில் முகம் சுளித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டு வருஷமாகக் கிழக்கேகோட்டைக் கடைத்தெருத் தூசியை வாங்கிக்கொண்டு சுவரில் தொங்கியது.

முதலாளி பிச்சையா அண்ணாச்சிக்கு அதைப் பார்த்தாலே வயிற்றெரிச்சல். அன்று காலை கடை திறந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி பகவதி, இந்தப் பழத்த இன்னைக்கு யாரு தலையிலயாவது கட்டிரு. கட்டிட்டேன்னா மாடியில ஒனக்கு ரிப்பேர் மேசை போட்டுத் தாரேன். சத்தியமாச் சொல்லுதேன்."

ரிப்பேர் மேசை நான் நாலு வருஷமாகக் கேட்டு வருவது. எங்கள் கடை கிட்டார்களுக்கு ஏதாவது ஆனால் கொச்சிக்கு அனுப்புவார்கள். திரும்பி வர மூன்று வாரம் ஆகும். நான் செய்கிறேன் என்றால் அண்ணாச்சிக்குச் சிரிப்பு வரும். "நீ விக்கதப் பாரு. சாமானத் தொட்டு ஒடச்சிராத" என்பார். எங்கள் தெரு கானமேளாப் பாட்டுக் கச்சேரிக் குழுவின் கிட்டார்கள் மொத்தமும் என் அடுக்களை மேடையில்தான் பிழைத்து எழுகின்றன. அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் சிரிப்பார். கையில் இருக்கும் தூசித் துணியை அவர் மேல் எறியலாமா என்று இருக்கும் எனக்கு.

பழத்துக்கு என்ன கேடு என்று எனக்கு முதல் மாதமே தெரியும். கிட்டாரின் கழுத்தில் வரிசையாகப் பதித்திருக்கும் உலோகக் கீற்றுகளை மெட்டு என்போம். அதில் பதினாலாவது மெட்டு ஒரு மயிரிழை தூக்கி நிற்கிறது. அதற்கு முந்திய மெட்டில் தந்தியை அழுத்தினால், தந்தி இதில் போய் இடித்துச் சத்தம் செத்துப்போகும். முக்கால் மணி நேர வேலை. தொட விட்டால்தானே!

பதினோரு மணிக்கு ஸ்ரீவராகத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் அனந்தபத்மநாபன் தணிக்கை அதிகாரி. அவர் சொல்லாவிட்டாலும் கண்டுபிடித்திருப்பேன். கையில் அச்சடித்த இரண்டு பக்க லிஸ்ட், சட்டைப் பையில் சிவப்புப் பென்சில்.

"யாருக்கு சார் கிட்டார்? மகனுக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கு" என்றார் அவர் மனைவி. சீதாலக்ஷ்மி என்று பெயர், நாற்பத்தைந்து வயது இருக்கும். "முப்பது வருஷமா வீணை வாசிக்கறேன். ஓணத்துக்கு எங்க ஆபீஸ்ல ப்ரோக்ராம். வீணையைத் தூக்கிண்டு பஸ்ல ஏற முடியறதில்லை. இதுன்னா தோள்ல மாட்டிண்டு போயிடலாம், அல்லே?"

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். சீதாலக்ஷ்மி சுவரை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கண் நேராகப் பழத்தில் போய் நின்றது.

"அந்த மாம்பழக் கலரை எடுங்கோ."

கல்லாவிலிருந்து அண்ணாச்சி என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

அனந்தபத்மநாபன் பென்சிலை எடுத்தார். "நம்பர் ஒண்ணு. கழுத்து வளைஞ்சிருக்கப்படாது." ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மேஸ்திரி சுவர் பார்ப்பதுபோல் தலைப்பக்கத்திலிருந்து பார்த்தார். நேராகத்தான் இருந்தது, டிக் போட்டார். மெட்டு நுனிகள் கையைக் கிழிக்கிறதா என்று ஓரத்தில் விரலை ஓட்டினார். ரத்தம் வரவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்போலத் தெரிந்தது. தந்தியை இறுக்கும் முறுக்காணிகளைத் திருகி, தளர்கிறதா என்று பார்த்தார். ஆம்ப்ளிஃபயரில் சொருகச் சொன்னார், ஒவ்வொரு குமிழாகத் திருப்பி ஸ்பீக்கரில் காதை வைத்தார். வயரை ஆட்டினார், சத்தம் அறுந்துபோகவில்லை. பன்னிரண்டாவது மெட்டில் தந்தியை லேசாகத் தொட்டு மீட்டும்போதும் அழுத்தி மீட்டும்போதும் ஒரே சுரம்தான் வருகிறதா என்று மனைவியைக் கேட்டார். வருகிறது என்றார் அவர். அதற்கும் டிக்.

மனுஷரைக் குறை சொல்ல மாட்டேன். என்னைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

"நம்பர் ஏழு. ஆறு தந்தியையும் இருபத்திரண்டு மெட்டுலயும் தனித்தனியா அழுத்திப் பாக்கணும். ஆகமொத்தம் நூத்தி முப்பத்திரண்டு..."

"லிஸ்டை மடியுங்கோ" என்றார் சீதாலக்ஷ்மி.

சொன்னவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கிட்டாரை மடியில் வைத்துச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, ஒரு தந்தியை அழுத்தியபடியே பக்கவாட்டில் இழுத்தார். சுரம் ஊஞ்சல்போல் போய்ப் போய் வந்தது. கடைக்கு வருகிற பையன்கள் தந்தியை இழுப்பார்கள்தான், ஆனால் இப்படி ஒருவரும் இழுத்ததில்லை. நான் வேலையை மறந்து நின்றேன். விரல் மேலே ஏறி ஏறிப் பதின்மூன்றாவது மெட்டுக்கு வந்தது. இழுத்தார். கர் என்றது, அப்புறம் ஒன்றுமே இல்லை.

அண்ணாச்சி தலையைக் கவிழ்த்துக்கொண்டார். போச்சு என்று நானும் நினைத்தேன்.

சீதாலக்ஷ்மி முகம் சுளிக்கவில்லை. அடுத்த மெட்டைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது தூக்கிண்டிருக்கு. ஒண்ணுமில்லை, உள்ளே மெழுகு இளகியிருக்கும். ஆத்துக்குப் போய் நான் அழுத்திக்கறேன். இதையே பேக் பண்ணுங்கோ."

வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் நிற்கும். சூடு காட்டினால் நகர்த்தலாம், அழுத்தலாம். கிட்டாரில் அவை மரத்துக்குள் அறைந்தவை. இவ்வளவு ஞானம் உள்ளவர் இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் என் கையில் வந்து மாட்டினார். நான் பொய்கூடச் சொல்ல வேண்டாம். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், மாடியில் மேசை.

"பில் போடட்டுமா மேடம்?" என்று கேட்டேன். ஆமாம், கேட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அவர் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். "ஏன்னா, ஆத்துல மெழுகை உருக்கற கரண்டி எங்கேன்னு தெரியலை. இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணி மேலே வச்சா மதி, அது போரும், கேட்டேளா?"

பழத்தின் மேல் இஸ்திரிப் பெட்டி!

"ஐயோ மேடம், இதுல மெழுகே கெடையாது! சூடு வச்சியன்னா மேல்பூச்செல்லாம் வெந்து போவும். அந்த மெட்டு சரியில்ல. ரெண்டு வருசமா சரியில்ல. எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் சும்மா நின்னேன்."

அனந்தபத்மநாபன் மடித்த லிஸ்டை மெதுவாகப் பிரித்து ஏழாம் நம்பரில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"இதை யாரு சரி பண்ணுவா?" என்றார் சீதாலக்ஷ்மி.

அண்ணாச்சி ஓடி வந்தார். "கொச்சிக்கு அனுப்பிச்சு மூணே வாரத்துல..."

"நான் பண்ணுவேன்" என்றேன்.

அண்ணாச்சி சிரித்தார். அதே சிரிப்பு.

சீதாலக்ஷ்மி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கோளாறு எங்கேன்னு சொன்னவளுக்குத்தானே கையும் தெரியும். இந்தப் பொண்ணு பண்றதானா இப்பவே வாங்கிக்கறேன். கொச்சின்னா வேண்டாம்."

அண்ணாச்சி பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இரண்டு வருஷத்தை நினைத்துப் பார்த்தார். பிறகு கல்லா மேசையிலிருந்த ஊதுபத்தி ஸ்டாண்டையும் பில் புத்தகத்தையும் கையில் எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

பையில் எப்போதும் வைத்திருக்கும் கருவிகளைக் கல்லா மேசையில் பரப்பி, இரும்பு ஸ்கேலை மூன்று மெட்டுகளின் மேல் வைத்தேன். நடுவில் இருப்பது தூக்கியிருந்தால் ஸ்கேல் ஆடும், ஆடியது. தந்திகளைத் தளர்த்தி ஓரமாக ஒதுக்கினேன், மரத்தில் கீறல் விழாமலிருக்க டேப் ஒட்டினேன். சின்னச் சுத்தியலால் தட்டினேன். மூன்றாவது தட்டில் மெட்டு டக்கென்று இறங்கியது. பசை வைத்து இறுக்கிப் பிடித்து, காய்ந்த பிறகு அரத்தால் இரண்டு இழு இழுத்துத் தேய்த்தேன். ஸ்கேல் ஆடவில்லை.

தந்திகளை ஏற்றிச் சுருதி சேர்த்துக் கொடுத்தேன். சீதாலக்ஷ்மி மறுபடி தரையில் உட்கார்ந்து அதே பதின்மூன்றில் விரல் வைத்து இழுத்தார். சுரம் ஏறியது, ஏறிய இடத்தில் நின்று நீளமாகப் பாடியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் அடுத்த மெட்டுக்குப் போனார், அதற்கு அடுத்ததற்கும் போனார். கணவர் ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டுக்கொண்டே வந்தார்.

அவர்கள் பழத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனதும் அண்ணாச்சி போனை எடுத்தார். கொச்சிக்குத்தான்.

"நம்ம கிட்டாரு மூணு அங்க கெடக்குல்லா? தொடாண்டாம், அப்படியே திருப்பி அனுப்பிருங்க. ஆமா, இங்கனயே நல்ல ஆளு கெடச்சிருக்கு."

நான் அந்தக் கடையில் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது.