பூங்காவைப் பார்த்த நாற்காலிகள்

1

இந்தக் கதை எனக்குக் காப்பிக் கடையில் கிடைத்தது. உஜ்தா நகரில், புதுப் பூங்காவுக்கு நேர் எதிரே, புஸியானின் கடை. இரவு வேலை முடித்துத் தூங்கி எழுந்தால் மாலையில் அங்கேதான் உட்காருவேன். கற்பனையே தேவைப்படவில்லை. பார்த்தேன், எழுதினேன். (பார்த்ததுதான் தப்பு. அதற்கு வருகிறேன்.)

முதல் தொடக்கம்: "கிஸ்லான் சிறுவயது முதலே பூங்காக்களை..." வேண்டாம். பொய்.

இரண்டாவது: கிஸ்லான் நகராட்சியில் பூங்காத் திட்டம் போடுகிறவள். தினமும் மாலை ஐந்திலிருந்து ஆறு வரை பெண்களுக்கான நடை நேரம். ஒரு வாரச் சோதனை. சனிக்கிழமை முப்பது பேர் நடந்தால் திட்டம் நிலைக்கும். இல்லையென்றால் அந்த இடம் டாக்சி நிறுத்தம்.

இது ஓடுகிறது. வைத்துக்கொள்கிறேன்.

2

திங்கட்கிழமை நான்கு பேர். நிழல் போதவில்லையென்று பந்தல் போட்டாள். செவ்வாய் மூன்று. குடிநீர்க் குழாய் வைத்தாள். புதன் இரண்டு.

(அவளை முட்டாளாக்குகிறேனோ? இல்லை. அவள் வரைபடம் வேலியோடு முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.)

வியாழனன்று, வாயில்வரை வந்து திரும்பிய தையல்காரி ரகியாவை மறித்தாள்.

"ரகியா அக்கா, என்ன குறைன்னாவது சொல்லிட்டுப் போங்க."

"பூங்காவுல ஒரு குறையுமில்ல கண்ணு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பாரு. பதினொரு நாற்காலி, எல்லாம் இங்கயே பாத்துக்கிட்டு. நாலாவதுல என் கொழுந்தன். அவன் முன்னால நான் கைய வீசி நடக்கணுமா?"

"செவுரு எழுப்பிடவா?"

"எழுப்பு. உள்ள எவன் நிக்கிறான்னு தெரியாம அப்புறம் ஒருத்தியும் வரமாட்டா."

3

கிஸ்லான் ரோட்டைத் தாண்டி ஓடிவந்தாள். [நடந்தாள் என்று எழுதி அடித்தேன். ஓடினாள். விடை தெரிந்துவிட்டவளின் ஓட்டம்.]

"புஸியான் ஐயா, அஞ்சுலேருந்து ஆறு வரைக்கும் நாற்காலிய உள்பக்கம் திருப்பிப் போடுங்க."

"அப்பா காலத்துலேருந்து தெருவப் பாத்துத்தான் போடுறோம்.* செவுத்துக்கா காப்பி விக்கிறேன்?"

"செவுத்துல டிவி மாட்டுங்க."

"யாரு டிவிய?"

"எங்க வீட்டு டிவிய. என் வீட்டுக்காரர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"அதுக்கு வீட்டுக்குப் போகவேணாம்மா. அந்தா, ஏழாவது நாற்காலி."

கடையே சிரித்தது, ஏழாவது நாற்காலியைத் தவிர.

* எங்கள் ஊரில் மேசையில்லாமலும் காப்பிக் கடை நடத்தலாம். தெருவைப் பார்க்காத நாற்காலியோடு நடத்த முடியாது.

4

சனிக்கிழமை, ஐந்து மணி. கடைச் சுவரில் டிவி, டிவியில் கால்பந்து. நாற்காலிகள் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன, கொழுந்தனுடையதும்கூட. பூங்காவில் பத்துப் பேர். பதினெட்டு. இருபத்தைந்து!

முடிவு அ: ஐம்பது பேர், கைதட்டல். முடிவு ஆ: மின்சாரம் போய்... இரண்டையும் அடித்துவிட்டேன்.

நடந்துகொண்டிருப்பது இது: இருபத்தொன்பது பேர். வாயிலில் ரகியா, புதுக் காலணியோடு. உள்ளே போகவில்லை. கடையைப் பார்க்கிறாள். பத்து நாற்காலிகள் சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கின்றன. பதினொன்றாவதில் நான், மடியில் நோட்டோடு, கதை எப்படி முடிகிறதென்று அவளையே பார்த்தபடி...

"அண்ணே," கிஸ்லானின் குரல் ரோட்டைத் தாண்டி வருகிறது, "உங்களுக்குத் தனியா சொல்லணுமா?"

நாற்காலியைத் திருப்பிவிட்டேன். முன்னால் சுவர். எவனோ கோல் போடுகிறான். பின்னால் என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியாது.

வாசிப்பவர் பெண்ணென்றால், ரோட்டைத் தாண்டிப் போய் எண்ணிக்கொள்ளுங்கள். ஆணென்றால், ஒரு நாற்காலியை இழுத்துப் போடுங்கள். இந்தச் சுவர்ப் பக்கம் பார்த்து.