மிச்சமிருந்த மூச்சு

தங்கை இன்று கொடிகட்டிப் பறக்கக் காரணமான முதல் பாட்டு, அக்காவின் துணி அலமாரிக்குள் பதிவானது. வெளிச்சத்தம் கேட்காமலிருக்கப் போர்வையைப் போர்த்திக்கொண்டு முதலில் தங்கை பாடினாள். பிறகு அதே வரிகளுக்கு அக்கா தனியாக இரண்டாம் குரல் பாடினாள்.

"ஒரு குரலே போதும்க்கா" என்று தங்கை மறுநாள் அக்காவின் குரலை வெட்டிவிட்டாள். வெட்டும் அவசரத்தில் ஒரு தப்பு. முதல் சொல்லிலிருந்து வெட்டினாள். அதற்கு முன் அக்கா இழுத்த மூச்சு பாட்டின் தொடக்கத்தில் அப்படியே தங்கிவிட்டது.

எந்த இசைக் கம்பெனியையும் நம்பாமல் தங்கை பாட்டைத் தானே இணையத்தில் ஏற்றினாள். பாட்டைவிட அந்த மூச்சுதான் பிய்த்துக்கொண்டு போனது. அதன் பிறகு கிட்டாரைத் தொட்டவர்கள் எல்லாம் முதலில் மூச்சை இழுத்துவிட்டுத்தான் பாட ஆரம்பித்தார்கள். பேட்டிகளில் கேட்டால் தங்கை, "அது தானா வந்தது" என்பாள்.

அக்காவுக்கு வயிறு எரிந்தது. எட்டு வருஷமாக எரிகிறது. ஒலிப்பதிவு அறை நடத்திப் பிழைப்பவள், வருகிறவர்களின் மூச்சையெல்லாம் துடைத்து மெருகேற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. உண்மையைச் சொன்னால் பொறாமையில் பேசுகிறாள் என்பார்கள். பொறாமைதான், அதுதான் வம்பே.

ஆனால் இப்போது அவளிடமும் சொந்தப் பாட்டு ஒன்று இருந்தது. ஒரே ஒருவர் நன்றாக இருக்கிறது என்றால் ஏற்றிவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். அன்று மதியம் பாட வந்த கல்லூரிப் பெண்ணின் பதிவு முடிந்ததும் ஹெட்போனை நீட்டினாள்.

"இது நான் பாடினது. உள்ளத உள்ளபடி சொல்லு."

அந்தப் பெண் கண்ணை மூடிக் கேட்டாள். அக்கா அவள் முகத்தையே பார்த்தபடி, கையிலிருந்த ஒயரைச் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டு ரொம்ப நல்லா இருக்குக்கா."

அக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. கணினியில் ஏற்றும் பக்கத்தைக்கூடத் திறந்துவிட்டாள்.

"ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?" என்றாள் அந்தப் பெண். "ஆரம்பத்துல அந்த மூச்சு. அவங்கள மாதிரி செஞ்சு பாத்திருக்கீங்க. ஆனா அது அவங்களுக்கு மட்டுந்தான் வரும்க்கா. உங்களுக்கு சரியா வரல."

அக்கா திறந்த பக்கத்தை மூடினாள்.

"ஆமாம்மா, இன்னும் பழகணும்" என்றாள்.