இடுப்பளவு தண்ணீரில் வார்த்தைப்பாடு

வருடம் 2016 என்றுதான் நினைவு. அடுத்த வருடமாகவும் இருக்கலாம். இதைச் சொல்லிச் சொல்லி, நான் இல்லாத இடங்களிலெல்லாம் என்னை நிறுத்தி வைத்துவிட்டேன். எழுதும்போது முடிந்தவரை என்னை வெளியேற்றியிருக்கிறேன். ஆனால் இது நிச்சயம்: எங்கள் ஏரிக்கரை ஊரான தோணிரேவைச் சேர்ந்த சகாதேவனின் மகள் எப்சிபா பொன்னேரிப் பக்கத்துக் கன்னியர் மடத்தில் நவதுறவியாகச் சேர்ந்த மூன்றாம் நாள், சிற்றாலயத்தில் அவள் மண்டியிட்ட இடத்தில் எங்கள் ஏரித் தண்ணீர் எழும்பியது. ஒரு பாய் அகலம், இடுப்பளவு, லேசான உப்பு. பக்கத்தில் இருந்த சிஸ்டரின் சேலையில் ஒரு சொட்டுகூடப் படவில்லை. அவள் எழுந்தால் தண்ணீர் வடியும். நாலைந்து இறால் மட்டும் தரையில் துள்ளும். இறைச்சி சமைக்காத வெள்ளிக்கிழமைகளில் சமையலறைக்கு அது வசதியாகவே இருந்தது.

எங்கள் பெண்கள் ஏரியில் உட்கார்ந்தபடி நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறி. இரண்டு கையும் வேலையில் இருப்பதால் அதைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள். பன்னிரண்டு வயதிலிருந்து பத்து வருடம் எப்சிபா இப்படித்தான் வாய் மூடி இருந்தாள். அதனால் தியான நேரத்தில் அவள் கைகள் தண்ணீருக்குள் போய்த் துழாவின. ஜெபமாலை பல்லில் இருந்தது. மடத்துத் தலைவி மதர் அதைப் பார்த்துவிட்டார்.

"வாயிலேர்ந்து எடு. ஜெபமாலையா, கருவாடா அது?"

"மன்னிச்சிக்கோங்க மதர். கை தண்ணில இருந்தா வாய் தானா கவ்விக்குது."

இவள் மனம் இன்னும் ஏரியைவிட்டு வரவில்லை என்று மதர் முடிவு செய்தார். எதற்காக மடத்துக்கு வந்தாய் என்று கேட்டார்.

"பறியக் கவ்விக்கினு இருந்தா யாரும் இன்னானு கேக்க மாட்டாங்க மதர். அந்த அமைதியில ஆண்டவர் பக்கத்துல இருக்கறாப்ல இருந்துச்சு. பசி மயக்கமோ இன்னாவோ, எனக்கே தெரில. ஆனா இங்கதான் இருக்கணும்னு தோணுது."

மதர் சிரிக்கவில்லை. ஒரு மாதம் வீட்டில் இருந்து பார், ஏரிதான் வேண்டுமென்றால் திரும்பி வராதே என்று அனுப்பிவிட்டார். இருபத்திரண்டு வயதுப் பெண், பேருந்தில் குழந்தைபோல அழுதுகொண்டு வந்தாள்.

மறுநாள் அம்மா வசந்தாவோடு ஏரியில் இறங்கினாள். கால் வைத்த இடத்தில் தண்ணீர் விலகியது. அடியில் சேறு இல்லை. ஒரு பாய் அகலத்துக்குச் சிற்றாலயத்தின் சிவப்பு சிமெண்ட் தரை, மெழுகுக் கறை உட்பட. பத்தடி தள்ளிப் போனாள், தரையும் வந்தது. சிமெண்ட் பிடிக்காத இறால்கள் மூன்றே நாளில் சுண்ணாம்புக்குளம் பக்கம் போய்விட்டன. பெண்ணை மடத்துக்கு அனுப்பாதே என்று சகாதேவனுக்கு அதுவரை புத்தி சொல்லிவந்த எங்கள் ஊர் (நானும்தான்) கூட்டம் போட்டது; தேவ சித்தத்தை அரை மணி நேரத்தில் கண்டுகொண்டது.

"நீ நின்ன எடமெல்லாம் கோயிலாவுது. எங்களுக்குப் பொழப்பு வேணாமா? கெளம்புமா," என்றாள் வசந்தா.

"நைனா, நீயும் போவச் சொல்றியா?"

ஒரே மகளை விட மனமில்லாத சகாதேவன் அவள் காலைப் பார்த்தார். "நான் இன்னா சொல்றது? அதான் உன் காலே சொல்லிடுச்சே."

மூவரும் மடத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னார்கள். "மெழுகுக் கறை எந்தப் பக்கம்?" என்றார் மதர்.

"இடது பக்கம் மதர். மூணு சொட்டு."

"நான் துறவற வார்த்தைப்பாடு கொடுத்த அன்னைக்கு என் மெழுகுவர்த்தி சாய்ஞ்சு சிந்தினது," என்றார் மதர். எப்சிபாவின் பெயரைப் பதிவேட்டில் மறுபடி எழுதிக்கொண்டார்.

முதல் வார்த்தைப்பாட்டை அவள் இடுப்பளவு தண்ணீரில் கொடுத்தாள். பங்குச் சாமியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி ஆசீர்வதித்தார். மதர் ஓய்வு பெற்றுச் சேலத்தில் இருக்கிறார், மூட்டு வலி. வசந்தா இன்னும் ஏரிக்குப் போகிறாள். இறால்களில் பாதி திரும்பி வந்தன. சகாதேவன் கிறிஸ்துமஸுக்கு மடத்துக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருகிறார். என்னை யாரும் எதற்கும் அழைக்கவில்லை, தோணிரேவிலேயே இருக்கிறேன். எப்சிபா மடத்துப் பள்ளியில் நான்காம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். காலையும் மாலையும் தண்ணீர் எழும்புகிறது. அவள் பக்கத்து இடம் காலியாக இருந்தால் மற்ற சிஸ்டர்கள் தேடி வந்து அங்கேயே மண்டியிடுகிறார்கள்.