எண்பத்தொரு வயசு

எனக்கு வாய் நீளம்னு தெருவே சொல்லும். முப்பத்திரெண்டு வருஷம் கணக்கு டீச்சரா இருந்தவளுக்கு வாய் இல்லாம எப்படி? ஆனா அன்னிக்கு டாக்டர் முன்னாடி திறந்த வாயை நெனச்சா, நானே ரெண்டு போட்டுக்கலாம் போல இருக்கு.

தம்பி பொண்ணுக்குப் பதினாலு வயசு. நீச்சல்னா சோறு தண்ணி வேண்டாம். போன மாசம் பயிற்சி முடிச்சுக் கரையேறினவ அப்படியே சுருண்டு விழுந்துட்டா. ரெண்டே நிமிஷத்துல எழுந்து உக்காந்து, "என்ன எல்லாரும் பேய் அறைஞ்ச மாதிரி பாக்குறீங்க?"ன்னு சிரிச்சா. டாக்டர் அவ நெஞ்சுல ஒயரை ஒட்டி, இதயத்துடிப்பு பதிஞ்ச நீளக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதயத்துடிப்புல லேசா ஒரு சந்தேகம்தான், பரம்பரையா வர்றது. உங்க குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா? தண்ணியில, ஓடும்போது, தூக்கத்துல?"

தம்பி என்னைப் பார்த்தான். குடும்பக் கதைன்னா நான்தான் எங்க வீட்டுக்கு. கதவு அகலத்துக்கு வம்சப்படம் வரைஞ்சு சுவத்துல ஒட்டி வெச்சிருக்கேன். உச்சியில எங்க எள்ளுத்தாத்தா, ரெண்டு மாட்டை வெச்சுக்கிட்டுச் சோளம் வெளைச்ச விவசாயி. அவருக்குக் கீழ அவரோட மூத்த மகன், பிறப்பு 1855, இறப்பு 1936.

"எங்க ஆளுங்களுக்கு ஆயுசு கெட்டி டாக்டர்"ன்னு மார்தட்டினேன். "எங்க கொள்ளுத்தாத்தா எண்பத்தொரு வயசு வாழ்ந்தவரு. அல்பாயுசுல போனவங்கன்னு ஒருத்தர்கூட என் படத்துல கிடையாது."

"அப்ப பயமில்ல. நீந்தட்டும், ஆறு மாசம் கழிச்சுப் பாப்போம்"னு எழுதிக் கொடுத்துட்டார்.

அவளோட நீச்சல் போட்டி சனிக்கிழமை காலையில. நான் போகல. எள்ளுத்தாத்தா செத்த தேதி மட்டும் என் படத்துல காலியா இருந்துச்சு, பதிவு அலுவலகமும் அன்னிக்கு அரை நாள்தான். பழைய பதிவேடுங்க இருக்கிற அறையில சன்னல் கிடையாது, ஒத்தை விளக்கு. கிளார்க் முதல்ல கைக்குக் கிடைச்ச பிறப்புப் பதிவேட்டைத் தூக்கிட்டு வந்து மேசையில வெச்சதும் காகிதத் தூள் என் புடவையெல்லாம் கொட்டுச்சு.

1867-ல கை நின்னுச்சு. அப்பன் எங்க எள்ளுத்தாத்தா, அதே வீடு, பிறந்த புள்ளைக்கும் எங்க கொள்ளுத்தாத்தாவோட அதே பேரு.

"என்னய்யா இது? ஒரே ஆளு ரெண்டு தடவை பொறப்பானா? அந்தக் காலத்துலயும் உங்க ஆபீசு இப்படித்தானா?"

கிளார்க் கோவிச்சுக்கல. இன்னொரு பதிவேட்டைப் புரட்டினார். "மூணு தடவை மேடம். 1881-லயும் இருக்கு. முதல் புள்ளை போயிட்டா அடுத்ததுக்கு அதே பேரை வைக்கிற வீடுங்க உண்டு. இறப்புப் பதிவையும் பாத்துடுங்க."

பார்க்க வேண்டாம்னு இருந்துச்சு. பார்த்தேன்.

1866. வயது பதினொன்று. கிணற்றில் குதித்தவன் எழவில்லை. 1880. வயது பதிமூன்று. ஆற்றில் மாடு குளிப்பாட்டுகையில் மாண்டான். காய்ச்சல் இல்ல, கழிச்சல் இல்ல. ரெண்டுக்கும் கீழ எள்ளுத்தாத்தாவோட பெருவிரல் ரேகை. மூணாவதா வந்தவர்தான் எங்க கொள்ளுத்தாத்தா, அவர் வாழ்ந்தது ஐம்பத்தஞ்சு வருஷம். அவரோட மகள் பேருலயும் ரெண்டு பிறப்பு பதிஞ்சிருந்துச்சு. அந்தப் பேருல முதல் பொண்ணு செத்தப்ப பன்னெண்டு வயசு. இடம், வாய்க்கால்.

நாத்து பட்டுப்போன குழியிலேயே இன்னொண்ணை நட்டிருக்கார் மனுஷன். செத்த புள்ளையோட பேரை விட மனசு வரல. அவர் யாரையும் ஏமாத்தல. நான்தான் மூணு புள்ளைங்களைச் சேர்த்து ஒரு கிழவனாக்கி, அந்தக் கிழவனைக் காட்டி ஒரு குழந்தையைத் தண்ணிக்கு அனுப்பிட்டேன். பாவி, பாவி!

மூணாவது தடவைதான் தம்பி நம்பரைச் சரியா அழுத்தினேன். அந்தப் பக்கம் விசிலும் கூச்சலுமா இருந்துச்சு.

"தம்பி, அவளை எறக்காத! தண்ணியில எறக்காத!"

"எறங்கியாச்சுக்கா! இவதான் முதல்ல போறா, நீ வந்திருக்கணும்!"

"வெளியே இழுடா அவளை. டாக்டர்கிட்ட நான் சொன்னது தப்பு. நம்ம வீட்டுப் புள்ளைங்க செத்திருக்காங்க, தண்ணியிலதான் செத்திருக்காங்க."

சிரிச்சான். "நீயா தப்பா சொல்லுவ? யாரு கிட்டக்கா கதை விடுற? டாக்டர் சொன்னப்பகூட எனக்கு உதறலாத்தான் இருந்துச்சு. நீ அடிச்சு சொன்னதாலதான் இவளை விட்டேன்."

"டேய், என் பேச்சைக் கேளுடா. குதிடா! நீயே குதி!"

"இரு அக்கா, கடைசிச் சுத்து." அப்புறம் அவன் குரல் இறங்கிடுச்சு. "அக்கா… மத்தவங்க எல்லாம் திரும்பிட்டாங்க. இவ ஏன் நடுவுல அப்படியே கிடக்கிறா?"

அவன் போன் தரையில விழுந்துச்சு. அவன் குதிச்ச சத்தம் கேட்டுச்சு. நான் போனைக் காதோட அழுத்திக்கிட்டு, "தூக்கிட்டியா? தூக்கிட்டியாடா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்.