கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் ஓடு

அக்காவின் புருஷன் வாயிலிருந்து 'தெரியாது' என்ற சொல் வந்ததே இல்லை. அகழாய்வுக் குழிகளைப் பார்க்கப் போன இடத்திலும் அவருடைய வாய் ஓயவில்லை. அருங்காட்சியகத்தில் வரிசையாக வைத்திருந்த பானைகளை ஒரு நோட்டம் விட்டுவிட்டு, "நல்லதையெல்லாம் உள்ள பதுக்கி வெச்சிருப்பானுங்க" என்றார்.

திரும்பும்போது, வேலியோரம் கிடந்த மண் ஓடு ஒன்றை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் தள்ளினார். நாங்கள் உள்ளே நுழையும்போது தோட்டக்காரர் கைதவறிப் போட்டு உடைத்த பூந்தொட்டியின் அடிப்பாகம் அது. உடைந்ததை நான் பார்த்தேன். அவர் அப்போது டிக்கெட் கொடுப்பவருக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

இப்போது அது அவர் வீட்டு வரவேற்பறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், தனி விளக்கு வெளிச்சத்தில் இருக்கிறது. நடுவில் ஏன் ஓட்டை என்று வருகிறவர்கள் கேட்டால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

"செத்தவங்க ஆவி போய் வர்றதுக்கு வெச்ச வழி."

நேற்றும் ஒருவருக்கு இதைச் சொல்லி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீயும்தானே கூட வந்தே. உன் கண்ணுல ஏன் படலை?"

"அதுக்கெல்லாம் உங்களை மாதிரி ஆள் வேணும், அத்தான்" என்றேன்.

உண்மைதான் என்று தலையாட்டினார்.