'கார் கிளம்பியது' என்று எழுத விடாதவள்

1

இந்தக் கதையைத் தொடங்கி வைத்தவை பேரிக்காய்கள். முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். தென் கொரியாவின் தேகு நகரத்தில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் பால்கனியிலிருந்து, சந்திரப் புத்தாண்டுக் காலையில் கீழே பார்த்தேன். கோட்டு சூட்டு போட்ட ஒரு பெரியவர் நிறுத்தியிருந்த கார்களுக்கு அடியில் குனிந்து குனிந்து பேரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு காரின் ஓட்டுநர் சீட்டில் ஒரு பெண் சிரிப்பை அடக்க முடியாமல் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்திருந்தாள். நான் கண்டது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வாக்கியம்: கார் கிளம்பியது.

கிளம்பவில்லை. ஹேரான் சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்துவிட்டாள்.

(ஹேரான் என்பது அந்தப் பெண்ணுக்கு நான் வைத்த பெயர். பெரியவர் அவளுடைய மாமனார் மன்சிக், ஓய்வுபெற்ற டாக்சி ஓட்டுநர். புருஷனுக்குப் பண்டிகையன்றும் வேலை. அதனால் மன்சிக்கின் அண்ணன் வீட்டுப் படையலுக்கு இவள்தான் காரை ஓட்டவேண்டும்.)

பின்சீட்டில் மன்சிக் தன் இரண்டு வயதுப் பேத்தி நாரேயை மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் குழந்தை சீட் காலியாகக் கிடந்தது.

"நாரே அவ சீட்ல உக்காந்தாத்தான் வண்டி நகரும், மாமா."

"நல்ல நாளும் அதுவுமா பச்சப்புள்ளையக் கட்டிப்போடச் சொல்றியா? அது என்ன குத்தம் பண்ணுச்சு? பட்டெல்லாம் கசங்கிடும்மா. கையில கலர் கலராக் கோடு வச்ச பண்டிகைச் சட்டை, நான் ஆசையா வாங்குனது!"

"கசங்குனா தேச்சுக்கலாம்."

"முப்பது வருஷம் டாக்சி ஓட்டுனவன்கிட்டயா பேசுற? என் வண்டியில ஒரு கீறல் விழுந்திருக்குமா?"

"எதுக்க வர்றவன் பிரேக்கையும் நீங்களே மிதிப்பீங்களா, மாமா?"

இந்த வரியை நான் எழுதவில்லை, அவளாகவே சொன்னாள். எனக்கு இவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.

மன்சிக்கின் போன் அடித்தது. அண்ணன். "எங்கடா இருக்கீங்க? முன்னோருக்குப் படைக்கணும், சூப்புல அரிசிக் கேக்கெல்லாம் ஊறிக் கூழாயிடுச்சு!" தாமதத்துக்கான பழி யார் தலையில் விழும்? மருமகள் தலையில்தான். ஹேரானுக்கும் அது தெரியும். ஆனாலும் சாவியைத் தொடவில்லை.

3

இந்த இடத்தில் எனக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. நெடுஞ்சாலை, உறைபனி, எதிரே வழுக்கிக்கொண்டு வந்த ஒரு லாரி—

வேண்டாம். ஒரு தாய் சொல்வது சரி என்று மாமனாருக்குப் புரிய, குழந்தைக்கு அடிபடத்தான் வேண்டுமா? அப்படி ஒரு கதையை எழுதி எனக்கு எந்தப் பெயரும் வேண்டாம். தாளைக் கிழித்துப் போட்டேன். உங்களில் யாராவது அந்த லாரிக்காகக் காத்திருந்தால், மன்னிக்கவும், அது வராது.

4

அப்போதுதான் எனக்குப் பேரிக்காய்கள் ஞாபகத்துக்கு வந்தன.

அண்ணனுக்குப் பரிசாக மன்சிக் வாங்கிய பெட்டி, பட்டுத்துணியில் மூட்டை கட்டியது. நாரேயைவிடக் கனம் குறைவு.

"மாமா, இதை நாரேன்னு நெனச்சு இறுக்கிப் புடிச்சுக்கங்க. இங்கயே ஒரு ரவுண்டு போவோம். நான் பிரேக் போடுவேன், முன்கூட்டியே சொல்லிட்டேன். இதை நீங்க விடாமப் புடிச்சிருந்தா, நாரே உங்க மடியிலயே வரட்டும்."

"இவ்வளவுதானா!" மன்சிக் பெல்ட் போட்டுக்கொண்டு, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

(முதல் வரைவில் நாரேயும் காருக்குள்தான் இருந்தாள். ஹேரான் என்னை முறைத்த முறைப்பில், அவசரமாக ஒரு காவலாளியைப் படைத்து, குழந்தையை அவர் கையில் கொடுத்தேன்.)

கார் வாசல்வரை போய்த் திரும்பியது. வேகம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும், சைக்கிளே முந்திவிடும். ஹேரான் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தாள்.

பெட்டி மன்சிக்கின் கையை விட்டுப் பறந்து முன்சீட்டின் முதுகில் மோதிப் பிளந்தது. அவர் கை மட்டும் இன்னும் அணைத்த நிலையிலேயே இருந்தது. வெறும் கை. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவைத் திறந்தார். பேரிக்காய்கள் உருண்டன.

5

பொறுக்கி முடித்து வந்தவர் காவலாளியிடமிருந்து நாரேயை வாங்கி, அவரே சீட்டில் உட்கார வைத்து, வாரை மாட்டினார். 'டக்' என்று கொக்கி விழுந்தது.

கார் கிளம்—

ஹேரான் மறுபடியும் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினாள். நாரேயின் பட்டுப் பாவாடைக்கு மேலே பஞ்சடைத்த தடிக் கோட்டு, அதற்கு மேலே வார். குளிர்காலத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் இப்படித்தான் போகிறார்கள், ஒருவரும் யோசிப்பதில்லை.

"அவ கோட்டைக் கழட்டிட்டு, வாரை அதே அளவுல திரும்ப மாட்டுங்க, மாமா. இப்ப வாரைப் பாருங்க."

வார் தொளதொளவென்று தொங்கியது. மன்சிக்கின் முஷ்டியே உள்ளே நுழைந்தது.

"அடப் பாவமே! அத்தனையும் பஞ்சா?"

அவரே வாரை இழுத்து இறுக்கினார். தோளருகே கிள்ளிப் பார்த்தார், விரலில் மடிப்பு சிக்கவில்லை. கோட்டை எடுத்து வாருக்கு மேலே போர்வையாகப் போர்த்தினார். நாரே கோட்டுக் கையைச் சப்பத் தொடங்கினாள்.

போன் மறுபடியும் அடித்தது. மன்சிக் எடுத்தார்.

"வர்றோம்ண்ணே, வர்றோம். தாமதம் என்னாலதான், மருமகள ஒரு வார்த்தை சொல்லாதீங்க. அது கெடக்கட்டும், உங்க பேரன் எப்படி வந்தான்? மடியிலயா? வெவரங்கெட்ட மனுசங்களா! திரும்பிப் போறப்ப சீட்டு இல்லாம வண்டியை எடுக்க விடமாட்டேன். கோட்டக் கழட்டிட்டுத்தான் வார் போடணும், தெரியுமா? முப்பது வருஷ அனுபவத்துல சொல்றேன்!"

ஹேரான் திருத்தவில்லை. அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. நான்தான் ஜெயித்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றுகிறது: ஜெயித்தது அவள்தான்!

6

இனி அந்த இரண்டு சொற்கள்தான் பாக்கி. பேனாவை உங்களிடமே தந்துவிடுகிறேன், எழுதிவிடுங்கள். வழியில் பனி பெய்வதும் வெயிலடிப்பதும் உங்கள் விருப்பம். படையல் சூடாக இருக்குமா என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஆனால் இத்தனை நேரமும் முன்சீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது நீங்கள்தானே? ஹேரான் சாவியில் கையை வைத்துவிட்டாள். திருப்பவில்லை. உங்களைத்தான் பார்க்கிறாள்.

"பெல்ட்டு?" என்கிறாள்.